விமான நிறுவனத்தின் பெயர் மாறினால் உங்கள் டிக்கெட் என்ன ஆகும்? அலிடாலியா முதல் லுஃப்தான்சா வரை ஒரு விளக்கம்

2021 அக்டோபர் 14-ஆம் தேதி இரவு, சார்டினியா தீவின் காக்லியாரியில் இருந்து ரோமுக்கு வந்து இறங்கியது அலிடாலியாவின் கடைசி விமானம். 74 ஆண்டுகளாகப் பறந்த நிறுவனம் அதோடு முடிந்தது. மறுநாள் காலை, மிலான் நகரின் லினாட்டே விமான நிலையத்தில் இருந்து பாரி நகருக்கு ஒரு விமானம் கிளம்பியது. அதன் எண்ணுக்கு முன்னால் அலிடாலியாவின் அதே 'ஏஇசட்' குறியீடு. ஆனால் நிறுவனத்தின் பெயர் மட்டும் வேறு, ஐடிஏ ஏர்வேஸ். இத்தாலியர்கள் அதை எழுத்துக் கூட்டிச் சொல்வதில்லை, 'ஈத்தா' என்றே கூப்பிடுகிறார்கள்.

பார்ப்பவர்களுக்கு இது வெறும் பெயின்ட் மாற்றம். சட்டத்தின் கண்ணில் அப்படி இல்லை. முந்தைய நாள் வரை அலிடாலியாவில் மைல்கள் சேர்த்து வைத்திருந்தவர், மறுநாள் ஐடிஏ கவுன்டரில் போய் நின்றால் அவர் முற்றிலும் புதிய வாடிக்கையாளர். மைல்கள் செல்லாது, பழைய புகாருக்கும் பதில் கிடையாது.

இப்போது அதே ஐடிஏ, ஜெர்மனியின் லுஃப்தான்சா குழுமத்துக்குள் வந்துவிட்டது. டெல்லியில் இருந்து ரோமுக்கு நேரடியாகப் போகிறவர்களுக்கும், சென்னையில் ஏறி ஃபிராங்ஃபர்ட்டில் மாறிப் போகிறவர்களுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. அதனால்தான் இந்த விளக்கம்.

'இணைப்பு' என்று சொல்வது ஒரே விஷயத்தையா?

இல்லை. செய்தித் தலைப்புகளில் எல்லாமே 'இணைப்பு' என்றுதான் வரும். ஆனால் பயணியின் பார்வையில் மூன்று தனித்தனி சங்கதிகள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஒன்று, பழைய கம்பெனி செத்துப்போய், அதன் பெயரையோ விமானங்களையோ வேறொரு கம்பெனி வாங்குவது. இதில் சொத்து மட்டும்தான் கை மாறும், கடன் மாறாது. பயணியின் டிக்கெட், ரீஃபண்ட் பாக்கி, மைல்கள் எல்லாம் பழைய கம்பெனி தர வேண்டிய கடன்தான். அலிடாலியாவில் நடந்தது இதுதான்.

இரண்டாவது, கம்பெனி அப்படியே இருக்கும், முதலாளி மட்டும் மாறுவார். பங்குகள் கை மாறுகின்றன, அவ்வளவுதான். உங்கள் டிக்கெட் யாரோடு போட்ட ஒப்பந்தமோ அந்தக் கம்பெனி உயிரோடு இருக்கிறது. ஐடிஏ பங்குகளை லுஃப்தான்சா வாங்கியது இந்த வகை.

மூன்றாவது, ஒரு கம்பெனி இன்னொன்றுக்குள் கரைந்து போவது. நமக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் விஸ்தாரா. 2024 நவம்பர் 12-இல் அது ஏர் இந்தியாவோடு இணைந்தது. 'யுகே' என்று தொடங்கிய விமான எண்கள் 'ஏஐ 2' என்று தொடங்கும் நான்கு இலக்க எண்களாக மாறின. டிக்கெட்டும் கிளப் விஸ்தாரா புள்ளிகளும் ஏர் இந்தியாவுக்குப் போயின. இங்கே கரைந்துபோன கம்பெனியின் கடமைகளும் சேர்ந்தே புதிய இடத்துக்குப் போகும்.

விமானத்தின் வால் பகுதியில் என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்பதை வைத்து, இது எந்த வகை என்று கண்டுபிடிக்கவே முடியாது. பெரும்பாலான பயணிகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அலிடாலியாவுக்கு என்னதான் ஆச்சு?

1946-இல் நிறுவப்பட்டு 1947-இல் பறக்கத் தொடங்கிய நிறுவனம் அது. போப்பாண்டவரின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு வழக்கமாக விமானம் கொடுத்ததும் அதுதான். ஆனால் லாபம் என்பது அபூர்வம். 2008-இல் திவாலாகி, தனியார் முதலீட்டாளர் குழு ஒன்று அதன் பெயரையும் நல்ல சொத்துகளையும் வாங்கி, ஏர் ஒன் என்ற இன்னொரு இத்தாலிய நிறுவனத்தோடு சேர்த்து 2009 ஜனவரியில் மறுபடி பறக்கவிட்டது. அதாவது 2021-இல் செத்தது உண்மையில் முதல் அலிடாலியா அல்ல.

அடுத்து 2014-இல் அபுதாபியின் எதிஹாட் 49% பங்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. ஏன் சரியாக 49? ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, அங்கே உரிமம் பெற்ற விமான நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கும் கட்டுப்பாடும் ஐரோப்பியர் கையில் இருக்க வேண்டும். வளைகுடாப் பணம் அந்த வாசலோடு நின்றுவிடும். ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் தடுமாறும்போது லுஃப்தான்சா, ஏர் ஃபிரான்ஸ்-கேஎல்எம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனமான ஐஏஜி என்ற மூன்று பெயர்களே மறுபடி மறுபடி அடிபடுவதற்கு இந்த விதியும் ஒரு முக்கியக் காரணம்.

எதிஹாட் வந்தும் நஷ்டம் நிற்கவில்லை. 2017 ஏப்ரலில் சம்பளக் குறைப்பும் ஆள் குறைப்பும் கொண்ட மீட்புத் திட்டத்தை ஊழியர்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே நிறுவனம் அரசு நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. இத்தாலிய அரசு அந்த ஆண்டில் 60 கோடி யூரோ, பிறகு 30 கோடி யூரோ என மொத்தம் 90 கோடி யூரோ கடன் கொடுத்தது. நான்கு ஆண்டுகள் அப்படியே இழுத்துக்கொண்டு ஓடியது. நடுவில் கொரோனா வேறு.

'நீ அவனுடைய வாரிசு இல்லை' என்று ஏன் எழுதினார்கள்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்ட பகுதி இது. 2021 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் இரண்டு முடிவுகளை ஒரே நேரத்தில் வெளியிட்டது. முதல் முடிவு, 2017-இல் அலிடாலியாவுக்குக் கொடுத்த 90 கோடி யூரோ சட்டவிரோத அரசு உதவி, அதை வட்டியோடு திரும்ப வசூலிக்க வேண்டும். இரண்டாவது, ஐடிஏவில் இத்தாலிய அரசு 135 கோடி யூரோ முதலீடு செய்யலாம், ஏனென்றால் ஐடிஏ அலிடாலியாவின் 'பொருளாதாரத் தொடர்ச்சி' அல்ல.

கணக்கு புரிகிறதா? ஐடிஏ வாரிசு என்று ஒப்புக்கொண்டால் அந்த 90 கோடி யூரோ கடனும் அதன் தலையில் விழும், பறக்கும் முன்பே திவால். எனவே வாரிசு இல்லை என்பதை நிரூபிக்கும்படி ஐடிஏவை வடிவமைத்தார்கள். தொடக்கத்தில் 52 விமானங்கள் மட்டும், சுமார் 2,800 ஊழியர்கள் மட்டும். லினாட்டேயில் அலிடாலியாவின் ஸ்லாட்டுகளில் 85%, ரோமில் 43% மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். ஸ்லாட் என்றால், நெரிசலான விமான நிலையத்தில் குறிப்பிட்ட நேரத்தில் ஏறி இறங்குவதற்கான அனுமதி. அலிடாலியா என்ற பெயரைக்கூட நேரடியாகத் தரக்கூடாது, பொது ஏலத்தில் விட வேண்டும்.

ஏலத்தில் முதலில் கேட்ட விலை 29 கோடி யூரோ. யாரும் வரவில்லை. கடைசியில் ஐடிஏவே 9 கோடி யூரோ கொடுத்து அந்தப் பெயரை வாங்கியது, வாங்கிவிட்டு ஐடிஏ ஏர்வேஸ் என்ற பெயரிலேயே பறந்தது. பெயரை வாங்கினால் கடனும் கூடவே வராதா என்று கேட்கலாம். பெயர் ஒரு சொத்து. ஏலத்தில் பழைய மேசை வாங்குகிறவர், அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவரின் கடனையும் சேர்த்து வாங்குவதில்லை அல்லவா?

வேலை இழந்தவர்களின் கோபம் வேறு விதமாக வெளிப்பட்டது. அந்த மாதமே ரோமின் கேம்பிடோலியோ சதுக்கத்தில் முன்னாள் விமானப் பணிப்பெண்கள் வரிசையாக நின்று, அலிடாலியா சீருடையை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளாடையோடு நின்று மௌனமாகப் போராடினார்கள்.

அப்போது டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

2021 ஆகஸ்ட் 25-ஆம் தேதியே அலிடாலியா, அக்டோபர் 15-க்குப் பிறகான பயணங்களுக்கு டிக்கெட் விற்பதை நிறுத்தியது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இரண்டு வழிகள். அக்டோபர் 14-க்குள் பயணத்தை முன்கூட்டி மாற்றிக்கொள்ளலாம், அல்லது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். 'ஐடிஏவில் அதே இருக்கையில் போகிறேன்' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இது பரவாயில்லாத முடிவு என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் அரசு நின்றது. ஜெர்மனியின் ஏர் பெர்லினில் நடந்ததைப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 15-இல் திவால் மனு, அக்டோபர் 27-இல் கடைசி விமானம். நடுவில் பறந்த பத்து வாரங்களுக்கு ஜெர்மன் அரசு 15 கோடி யூரோ கடன் கொடுத்தது. விமானங்களின் ஒரு பகுதியை ஈஸிஜெட் எடுத்தது, இன்னொரு பகுதி லுஃப்தான்சா பக்கம் போனது. டிக்கெட்டுகளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மனு தாக்கலான தேதிக்குப் பிறகு டிக்கெட் வாங்கியவர்களின் பணம் தனிக் கணக்கில் வைக்கப்பட்டிருந்ததால் திரும்பி வந்தது. அதற்கு முன்பே வாங்கியவர்கள், அதாவது நிறுவனத்தை நம்பி முன்கூட்டியே திட்டமிட்டவர்கள், கடன்காரர்கள் வரிசையில் கடைசியில் போய் நின்றார்கள். ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஒருவருக்குக் காசு வந்தது, இன்னொருவருக்குப் போனது போனதுதான்.

மைல்கள் ஏன் தனிக் கதை?

விமானத்தில் நஷ்டம் வந்தாலும், மைல்கள் திட்டத்தில் லாபம் வரும். வங்கிகளுக்கும் கிரெடிட் கார்டு நிறுவனங்களுக்கும் மைல்களை மொத்தமாக விற்கும் வியாபாரம் அது. அதனால் காசு தேவைப்படும் விமான நிறுவனங்கள் முதலில் அதைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து விற்றன. எதிஹாட் இதை ஒரு பாணியாகவே வைத்திருந்தது. ஏர் பெர்லினின் 'டாப்போனஸ்' திட்டத்தில் 70%, நம்ம ஜெட் ஏர்வேஸின் 'ஜெட் பிரிவிலேஜ்' திட்டத்தில் 50.1%, அலிடாலியாவின் 'மில்லெமில்யா' திட்டத்தில் 75% என்று வரிசையாக வாங்கியது.

விளைவுகள் மூன்றும் வேறு வேறு. டாப்போனஸ், ஏர் பெர்லின் மனு போட்ட பத்தே நாளில் தானும் திவால் மனு போட்டது. மைல்கள் காலி. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் நின்றபோது ஜெட் பிரிவிலேஜ் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, 'இன்டர்மைல்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது. விமானமே இல்லாத விமான மைல்கள்! மில்லெமில்யா திட்டத்தையோ ஐடிஏ வாங்கவே கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் தடை போட்டது. மேலே சொன்ன 'வாரிசு இல்லை' கதையின் ஒரு பகுதிதான் அதுவும். ஐடிஏ 'வோலாரே' என்ற புதிய திட்டத்தைப் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கியது.

நேர்மையான கரைப்புக்கும் உதாரணம் உண்டு. 2012-இல் பிரிட்டனின் பிஎம்ஐ நிறுவனத்தைப் பிரிட்டிஷ் ஏர்வேஸின் தாய் நிறுவனம் வாங்கியபோது, பிஎம்ஐ மைல்களை ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஆவியோஸ் புள்ளிகளாக மாற்றிக்கொள்ள முடிந்தது.

லுஃப்தான்சா வந்ததால் என்ன மாறியது?

2023 மே மாதம் ஒப்பந்தம். 41% பங்குக்கு 32.5 கோடி யூரோ. மீதியைப் படிப்படியாக வாங்கும் உரிமையும் சேர்த்து மொத்த மதிப்பு 82.9 கோடி யூரோ. 2024 ஜூலை 3-இல் ஐரோப்பிய ஆணையம் நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. 2025 ஜனவரி 17-இல் கைமாற்றம் முடிந்தது.

நிபந்தனைகள் என்ன? இத்தாலிக்கும் மத்திய ஐரோப்பாவுக்கும் இடையே சில வழித்தடங்களில் லுஃப்தான்சாவும் ஐடிஏவும் முக்கியப் போட்டியாளர்கள். இரண்டும் ஒரே வீடானால் கட்டணம் ஏறும் என்பது ஆணையத்தின் கவலை. அதனால் லினாட்டேயில் ஸ்லாட்டுகளை விட்டுக்கொடுக்க வேண்டும், போட்டிக்கு வேறு நிறுவனத்தைக் கொண்டுவர வேண்டும் என்றது. குறுகிய தூரத்துக்கு ஈஸிஜெட்டும், வட அமெரிக்க வழித்தடங்களுக்கு ஏர் ஃபிரான்ஸும் ஐஏஜியும் போட்டியாளர்களாக ஏற்கப்பட்டன. பாருங்கள், ஒரு பெரிய குழுமத்தைக் கட்டுப்படுத்த இன்னும் இரண்டு பெரிய குழுமங்களைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

பயணிக்கு முதலில் கண்ணில் பட்ட மாற்றம் மைல்களில். 2025 பிப்ரவரி தொடங்கி வோலாரே, லுஃப்தான்சாவின் 'மைல்ஸ் அண்ட் மோர்' இரண்டிலும் பரஸ்பரம் புள்ளி சேர்க்க வழி வந்தது. அதே வேகத்தில் ஐடிஏ, ஏர் ஃபிரான்ஸ்-கேஎல்எம் இருக்கும் ஸ்கைடீம் கூட்டணியில் இருந்து விலகியது. போகும் இடம், லுஃப்தான்சாவும் ஏர் இந்தியாவும் இருக்கும் ஸ்டார் அலையன்ஸ். கேஎல்எம் மைல்களை நம்பி ஐடிஏவில் பறந்தவர்களுக்கு இது நஷ்டம், ஏர் இந்தியா உறுப்பினர்களுக்கு லாபம். கூட்டணி மாறும் மாதங்களில் பயணம் செய்கிறவர்கள், டிக்கெட் வாங்கிய தேதியில் இருந்த விதியை நம்பாமல் பறக்கும் தேதியில் எது செல்லும் என்று பார்ப்பது நல்லது.

பிறகு கோட்ஷேர். அதாவது ஐடிஏ ஓட்டும் விமானத்துக்கு லுஃப்தான்சா தன் எண்ணையும் போட்டு விற்பது. 2025 கோடை அட்டவணையில் இது தொடங்கியது. கோட்ஷேர் வந்துவிட்டால் டிக்கெட்டில் ஒரு பெயர், விமானத்தின் மேல் வேறு பெயர் என்பது சகஜமாகிவிடும்.

டிக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று பெயர்கள் மறைந்திருக்கும். விற்றவர் யார், டிக்கெட்டை வெளியிட்டவர் யார், ஓட்டுபவர் யார்.

விமான எண்ணின் முதல் இரண்டு எழுத்து விற்றவரைச் சொல்லும். இ-டிக்கெட் எண்ணின் முதல் மூன்று இலக்கம் வெளியிட்டவரைச் சொல்லும். 220 என்றால் லுஃப்தான்சா, 098 என்றால் ஏர் இந்தியா, 055 என்றால் ஐடிஏ. அந்த 055-உம் ஒரு காலத்தில் அலிடாலியாவுடையதுதான். தேதி மாற்றம், ரீஃபண்ட் என்றால் பெரும்பாலும் இந்த மூன்று இலக்கத்துக்குச் சொந்தக்காரரிடம்தான் போக வேண்டும். ஏஜென்ட் அல்லது ஆன்லைன் தளம் மூலம் வாங்கியிருந்தால் முதலில் அவரிடம்.

மூன்றாவது, டிக்கெட்டில் சின்ன எழுத்தில் 'இயக்குபவர்' என்று இருக்கும் பெயர். செக்-இன் கவுன்டர், டெர்மினல் எல்லாம் இவரைப் பொறுத்தது. இணைப்புக்குப் பிறகு டெர்மினல்கள் மாறுவது வழக்கம், பழைய பழக்கத்தில் போய் நின்றால் விமானம் போய்விடும். லக்கேஜ் அளவுக்கு யாருடைய விதி என்ற குழப்பம் வந்தால் இ-டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் அளவுதான் உங்கள் ஆதாரம். அதை போனில் மட்டும் வைக்காமல் ஒரு பிரின்ட் எடுத்து வைப்பது பழைய பழக்கம் போலத் தெரியலாம், ஆனால் ஆப் மாறும் காலத்தில் உதவும். பெயர் மாறும்போது பழைய ஆப் வேலை செய்யாமல் போவதும், புதிய ஆப்பில் பழைய புக்கிங் எண்ணைத் தேடினால் கிடைக்காமல் போவதும் நடக்கக்கூடியதே.

தாமதமானால் 600 யூரோ: அது யாருக்கு?

'இயு 261' என்று சொல்லப்படும் ஐரோப்பிய விதி 2005 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. விமானம் ரத்தானாலோ, சேரும் இடத்துக்கு 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகப் போனாலோ, நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் உள்ள காரணமாக இருந்தால் இழப்பீடு தர வேண்டும். 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. நம்ம ஊரில் இருந்து ஐரோப்பா எப்படியும் 3,500 கிலோமீட்டருக்கு மேல்தான். 600 யூரோ என்றால் ஏறக்குறைய 60 ஆயிரம் ரூபாய். ஆனால் நீண்ட தூரப் பயணத்தில் தாமதம் 4 மணி நேரத்துக்குள் இருந்தால் நிறுவனம் அதைப் பாதியாகக் குறைக்கலாம். புயல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர் வேலைநிறுத்தம் மாதிரி அசாதாரணச் சூழல் என்றால் இழப்பீடு கிடையாது. சாப்பாடும் தங்குமிடமும் அப்போதும் தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்து கிளம்பினால் எந்த நாட்டு விமானமானாலும் இந்த விதி பொருந்தும். வெளியில் இருந்து ஐரோப்பாவுக்குப் போகும்போது, ஓட்டும் நிறுவனம் ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே பொருந்தும். இங்கேதான் கோட்ஷேர் காலை வாரும். டெல்லி–ஃபிராங்ஃபர்ட் நேரடி டிக்கெட்டை லுஃப்தான்சா எண்ணில் வாங்குகிறீர்கள், ஓட்டுவது ஏர் இந்தியா என்று வைத்துக்கொள்வோம். போகும்போது தாமதமானால் இந்த இழப்பீடு இல்லை. அதே வழியில் ஓட்டுவது லுஃப்தான்சா என்றால் உண்டு. விலை ஒன்றே, எண்ணின் முதல் இரண்டு எழுத்தும் ஒன்றே, உரிமை மட்டும் வேறு.

சென்னையில் இருந்து லுஃப்தான்சாவில் ஃபிராங்ஃபர்ட், அங்கிருந்து ஐடிஏவில் ரோம் என்று ஒரே புக்கிங்கில் போனால், கணக்கு ரோமுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் விமானம் ஒரு மணி நேரம்தான் தாமதம், ஆனால் இணைப்பு விமானம் தவறி ரோமுக்கு ஐந்து மணி நேரம் தாமதம் என்றால், அந்த ஐந்துதான் கணக்கு. இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் இது செல்லாது. தனியாக வாங்கினால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம், மலிவுக்கு விலை இதுதான்.

லண்டன் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகும் பிரிட்டன் இதே விதியைத் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது. அங்கே நீண்ட தூரத்துக்கு உச்சத் தொகை 520 பவுண்டு.

இந்த 3 மணி நேரக் கணக்கு நிலையானதா என்றால், அதை மாற்றச் சொல்லும் அழுத்தம் இருக்கு. 2025 ஜூனில் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் இதை 3,500 கிலோமீட்டர் வரை 4 மணி, அதற்கு மேல் 6 மணி என்று உயர்த்தவும், 600 யூரோவை 500 ஆக்கவும் ஒரு நிலைப்பாடு எடுத்தன. ஐரோப்பிய நாடாளுமன்றம் அதை எதிர்த்தது. இந்தியாவில் இருந்து போகிறவர்கள் எல்லோரும் அந்த 6 மணிப் பிரிவில்தான் வருவார்கள் என்பதால், இந்தச் சண்டை நமக்கும் சம்பந்தப்பட்டதே.

விசா பக்கமும் ஒரு கண்

இணைப்புக்குப் பிறகு நிறுவனங்கள் வழித்தடத்தைத் திருத்துவது சாதாரணம். ரோமில் மட்டும் மாறி வேறு நாட்டுக்குப் போவதாக இருந்த உங்கள் பயணத்தை, ஃபிராங்ஃபர்ட், ரோம் என இரண்டு இடங்களில் மாறும்படி ஆக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபிராங்ஃபர்ட்டுக்கும் ரோமுக்கும் இடையே பறப்பது ஷெங்கன் பகுதிக்குள் உள்நாட்டுப் பயணம் மாதிரி. அதாவது ஃபிராங்ஃபர்ட்டிலேயே குடியேற்றச் சோதனையைத் தாண்டி உள்ளே நுழைந்துவிடுகிறீர்கள். அதற்கு ஷெங்கன் விசா வேண்டும், விமான நிலையத்துக்குள்ளேயே காத்திருப்பதற்கான சலுகைகள் எதுவும் உதவாது. ஒரே இடத்தில் மாறினாலும் டிரான்சிட் விதி நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். வழித்தடம் மாறியதாக மெயில் வந்தால் 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தைப் பாருங்கள். ஏற்க முடியாத மாற்றம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கவோ வேறு வழி கேட்கவோ உங்களுக்கு இடம் உண்டு, அழுத்திவிட்டால் வாதாடுவது கஷ்டம்.

பழைய புகார் இருந்தால் யாரிடம் போவது?

முதலாளி மட்டும் மாறிய வகை என்றால் குழப்பமே இல்லை. லுஃப்தான்சா 41% வாங்குவதற்கு முன்பு ஐடிஏ செய்த தாமதத்துக்கு இன்றும் ஐடிஏதான் பொறுப்பு. லுஃப்தான்சாவுக்கு எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். கரைந்துபோன வகையில் புதிய நிறுவனம் பொறுப்பு.

பழைய கம்பெனி திவாலான வகையில்தான் சிக்கல். அலிடாலியாவில் 2021-க்கு முன்பு வர வேண்டிய இழப்பீட்டை ஐடிஏவிடம் கேட்க முடியாது. திவால் நிர்வாகியிடம் கடன்காரராகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கெடு தேதி இருக்கும். பொதுவாகவே இழப்பீடு கேட்க எத்தனை ஆண்டு அவகாசம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் முடிவு செய்கிறது, ஜெர்மனியில் 3 ஆண்டு.

ஐரோப்பாவில் ஹோட்டலோடு சேர்த்து 'பேக்கேஜ்' வாங்கினால் திவாலுக்கு எதிரான பாதுகாப்பு சட்டப்படி உண்டு. வெறும் விமான டிக்கெட்டுக்கு அது இல்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்ற கோரிக்கை ஐரோப்பாவில் ஏர் பெர்லின் காலத்தில் இருந்தே இருக்கிறது. இந்தியாவில் உட்கார்ந்து டிக்கெட் வாங்குகிறவருக்கு உள்ள நடைமுறைப் பாதுகாப்பு கிரெடிட் கார்டுதான். சேவை கிடைக்கவில்லை என்று வங்கியிடம் எழுதிக் கொடுத்து 'சார்ஜ்பேக்' கேட்கலாம். ஏஜென்ட்டிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த வழி கிடையாது. நிறுவனத்தின் நிலைமை பற்றி மோசமான செய்திகள் வந்துகொண்டிருக்கும்போது ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே மலிவு டிக்கெட் வாங்குகிறவர்கள் இதை யோசிப்பது நல்லது.

பெயர் மட்டும் ஏன் விடாமல் ஒட்டிக்கொள்கிறது?

2001-இல் சுவிஸ்ஏர் பணமில்லாமல் தரையில் நின்றபோது, அதன் துணை நிறுவனமான கிராஸ்ஏரை அடித்தளமாக வைத்து 2002-இல் 'சுவிஸ்' வந்தது. இன்றும் சுவிஸ் விமான எண்களில் இருக்கும் 'எல்எக்ஸ்' குறியீடு கிராஸ்ஏருடையது, சுவிஸ்ஏருடையது 'எஸ்ஆர்'. அதே 2001-இல் பெல்ஜியத்தின் சபெனா விழுந்தது. அதன் இடத்துக்கு வந்த நிறுவனம்தான் பின்னால் பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸ் ஆனது. சுவிஸ், பிரஸ்ஸல்ஸ் இரண்டும் இப்போது லுஃப்தான்சா குழுமத்தில். ஆஸ்திரியன் ஏர்லைன்ஸும் அங்கேதான். ஆனால் அந்த விமானங்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே பறக்கின்றன. இந்தப் பெயர்களோடு நாட்டுப் பெருமை ஒட்டியிருக்கிறது, அந்தந்த நாட்டு அரசுகளுக்கும் பயணிகளுக்கும் அது தேவைப்படுகிறது.

இத்தாலியும் அதே பாதையில்தான் போகிறது. 2021 டிசம்பரில் போப் பிரான்சிஸ் சைப்ரஸுக்குப் போனபோது விமானம் கொடுத்தது ஐடிஏ. 9 கோடி யூரோ கொடுத்து வாங்கிய அலிடாலியா பெயர் அதன் கையிலேயே இருக்கிறது. வாரிசு இல்லை என்ற ஆணையத்தின் தீர்ப்பும் அப்படியே இருக்கிறது.